ஞான உபதேசத்தை அப்படியே நம்பிய நான்கு பெண்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மதத்தைப் பற்றி எடுத்தாலே நம்ம கூட்டங்கள்ல ரெண்டு குரல் கேட்கும். மதம் ஒடுக்குகிறவனின் கருவி, தூக்கிப் போடு என்பது ஒன்று. மதத்துக்குள்ளேயே விடுதலைக்கான விதை கிடக்குது என்பது இன்னொன்று. இப்படிப் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் விடியும் வரைக்கும் பேசலாம். ஆகவே நான் ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இடம், அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்துத் துறைமுக நகரமான பால்டிமோர். காலம், அடிமைமுறை சட்டபூர்வமாக இருந்த 19ஆம் நூற்றாண்டின் முன்பாதி. அங்கே நான்கு கறுப்பினப் பெண்கள், பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவதற்காக ஒரு கத்தோலிக்கத் துறவறசபையைத் தொடங்கினார்கள். நம்ம ஊரோடு ஒப்பிடும் வேலையை நான் செய்யப் போவதில்லை. அதை நீங்களே செய்துகொள்வீர்கள்.

கத்தோலிக்க விசுவாசம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கடவுள் ஒருவர், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாய் இருக்கிறார். மனிதரைத் தன் சாயலில் படைத்தார். சுதன் மனித உடல் எடுத்து, சிலுவையில் செத்து, உயிர்த்தெழுந்தார். அவருடைய அருள் ஏழு திருவருட்சாதனங்கள் வழியாகத் திருச்சபைக்குள் கிடைக்கிறது. அதில் ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது. போப்பாண்டவரே நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன, எல்லாரும் அந்த ஒரே உடலில் பங்கு பெறுகிறார்கள். திருமணம் மனிதர் யாரும் பிரிக்க முடியாத பந்தம்.

இதில் எங்கேயும் தோலின் நிறம் வரவில்லை. எழுதி வைத்திருப்பதை மட்டும் படித்தால் இதைவிடப் பெரிய சமத்துவப் பிரகடனம் வேண்டியதில்லை.

சரி, நடைமுறை? மேரிலாண்டில் யேசு சபைக் குருக்கள் தோட்டங்கள் வைத்திருந்தார்கள். தோட்டங்களில் அடிமைகள். அந்த அடிமைகளுக்கு அவர்களே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவர்களே கல்யாணம் செய்து வைத்தார்கள். 1838ல் 272 பேரை லூசியானா தோட்டக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டதும் அவர்களேதான். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று ரோமிலிருந்து நிபந்தனை வந்தது. ஆனாலும் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. அடுத்த வருஷமே, 1839ல், போப் பதினாறாம் கிரகோரி அடிமை வியாபாரத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். அது கடல் கடந்து ஆள் பிடித்து வரும் வியாபாரத்தைத்தான் சொல்கிறது, இங்கே வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் அடிமைமுறையை அல்ல என்று அமெரிக்க ஆயர் ஜான் இங்கிலாந்து விளக்கம் எழுதினார். (அவர் பெயரே அதுதான்.)

பிரித்த திருமணத்தை எந்தக் கணக்கில் வைத்தார்கள்? இங்கேதான் கருத்தியலின் வேலை இருக்கிறது. விசுவாசத்தை மறுக்கத் தேவையே இல்லை. ஆன்மா வேறு, உடல் வேறு என்று பிரித்துவிட்டால் போதும். ஆன்மா கடவுளுக்கு, உடல் எசமானுக்கு. மோட்சத்தில் சமத்துவம், தோட்டத்தில் சவுக்கு. ரெண்டும் சண்டை போடாமல் ஒரே கோயிலுக்குள் உட்காரும்.

இனி பால்டிமோருக்கு வருவோம். அது அடிமை மாநிலத்து நகரம்தான். ஆனாலும் அடிமைத்தளை இல்லாத கறுப்பர்கள் அங்கே பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள். இன்றைக்கு ஹெய்ட்டி என்கிற சான் டொமிங்கில் அடிமைகள் புரட்சி செய்து எழுந்தபோது வெளியேறி வந்த குடும்பங்கள் அவை. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது. எலிசபெத் லாங் என்ற பெண், மரி பலாஸ் என்ற தோழியோடு சேர்ந்து, தன் வீட்டிலேயே, தன் கைக்காசைப் போட்டு, பல வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

பல புத்தகங்களில் சபையின் கதை ஒரு வெள்ளைக் குருவிடமிருந்து ஆரம்பிக்கும். ஜூபேர் என்ற பிரெஞ்சுக் குரு, சுல்பீசியன் சபைக்காரர். 1827ல் குருமடத்துக் கீழ்க்கோயிலில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. உபதேசம் என்றால் கேள்வி பதில். புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணணும். பிள்ளைகளால் பண்ண முடியலை, ஏன்னா வாசிக்கத் தெரியாது. அப்ப ஒரு பள்ளிக்கூடம் வேணும், அதை நடத்த ஆள் வேணும் என்று தேடும்போதுதான் லாங்கும் பலாஸும் கண்ணில் படுகிறார்கள். பள்ளி ஏற்கெனவே அவர்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. குரு சேர்த்தது திருச்சபையின் அங்கீகாரம். அங்கீகாரம் சின்ன விஷயம் இல்லை, அதையும் சொல்லணும். ஆனால் வரிசை இதுதான்.

1828ல் ஒரு வாடகை வீட்டில் பள்ளி திறந்தார்கள். 1829 ஜூலை 2ஆம் தேதி லாங், பலாஸ், ரோசின் போக், இன்னும் இருபது வயதுகூட நிரம்பாத தெரேசா டுஷ்மேன் ஆகிய நால்வரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சபையின் பெயர் ‘ஓப்ளேட் சிஸ்டர்ஸ் ஆஃப் பிராவிடன்ஸ்’. தெய்வ பராமரிப்புக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் என்று பொருள். 1831ல் ரோம் ஏற்றுக்கொண்டது, அதே பதினாறாம் கிரகோரி காலத்தில். இதற்கு முன் கென்டக்கியில் 1824ல் இப்படி ஒரு முயற்சி நடந்து சீக்கிரமே கலைந்துபோனது.

படிப்புக்கென்று பெண்கள் சபை அமைப்பது புதிதல்ல. இத்தாலியின் பிரேசியாவில் ஆஞ்சலா மெரிசி 1535லேயே உர்சுலைன் சபையைத் தொடங்கியிருந்தார். அந்த உர்சுலைன் கன்னியர் 1727ல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து கறுப்பினச் சிறுமிகளுக்கும் உபதேசம் கற்றுக் கொடுத்தார்கள். அடிமைகளையும் வைத்திருந்தார்கள். ஆக, கற்றுக் கொடுப்பதால் மட்டும் எதுவும் உடைந்துவிடாது. யார் கற்றுக் கொடுக்கிறார்கள், எந்த உடையில் நின்று கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விவகாரம்.

உடை என்று ஏன் சொல்கிறேன்? நான்கு பேரும் துறவு உடையில் தெருவில் இறங்கியதும் வெள்ளைக் கத்தோலிக்கர் நடுவில் முணுமுணுப்பு. கறுப்பினப் பெண் இதை உடுத்தினால் உடைக்கே தீட்டு என்கிற மாதிரி பேச்சு. சகோதரிகள் காதுக்கும் வந்தது, மனசு ஒடிந்தார்கள். கறுப்பினப் பெண்கள் பிள்ளை வளர்க்கலாம், சமைக்கலாம், துவைக்கலாம், எழுத்துக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் வெள்ளைக்காரன் தலை வணங்க வேண்டிய உடையில் வந்து நிற்கக் கூடாது.

அந்த மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொஞ்சம் பாருங்கள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். கற்பு என்ற சொல்லே நமக்குக் கசக்கும், சரிதான். ஆனால் அன்றைய அடிமைச் சட்டத்தில் பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும். அடிமைப் பெண்ணின் வயிறு எசமானின் சொத்துப் பெருக்கம். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கறுப்பினப் பெண், என் உடம்பை நான் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன், வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லை என்று பகிரங்கமாகச் சொல்கிறாள். ஆன்மாவையும் உடலையும் பிரித்து வைத்திருந்த ஏற்பாடு அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

1835ல் குருமடத்துக்காரர்கள், எங்கள் வீட்டு வேலைகளை உங்கள் சகோதரிகள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். லாங் மறுக்கவில்லை, நன்றிக் கடன் இருந்தது. ஆனால் எழுத்தில் நிபந்தனை வைத்தார். நாங்கள் கறுப்பினத்தவர், அதே சமயம் துறவிகள். இந்த ரெண்டையும் சேர்த்துச் சுமப்பது எங்களுக்குச் சங்கடம்தான். திமிர் பிடித்தவர்களாகத் தெரியவும் எங்களுக்கு விருப்பமில்லை, நாங்கள் அணிந்த உடைக்குரிய மரியாதையை விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். கடிதத்தின் சாரம் இது. மற்ற வேலையாட்களோடு தாங்கள் கலக்க மாட்டோம் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. இது நமக்கு உறுத்தும், உறுத்தட்டும். ஒரு படி மேலே ஏறி நிற்பவர், கீழ்ப்படியில் இருப்பவரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டித்தான் மரியாதை கேட்க வேண்டிவந்தது. அந்த நெருக்கடியை உண்டாக்கியது யார் என்று கேட்காமல் லாங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியாது.

1832ல் காலரா வந்தபோது நகரத்து ஏழைகள் விடுதியில் நோயாளிகளைப் பார்க்க நான்கு சகோதரிகள் போனார்கள். அந்தக் கொள்ளைநோயில் தெரேசாவின் தாயும் இறந்துபோனார். மகளைப் பின்தொடர்ந்து அந்தோணி என்ற பெயரில் சபையில் சேர்ந்திருந்தவர் அவர். பேராயர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பணிவிடை செய்யப் போய் நோய் தொற்றியது.

1843ல் ஜூபேர் செத்ததும் நிலைமை மோசமானது. சுல்பீசியன்கள் கைகழுவினார்கள். பேராயர் எக்கிள்ஸ்டனுக்கு இவர்கள் எதற்கு என்ற எண்ணம். சபையைக் கலைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போகட்டும் என்று அவர் கருதியதாகச் சபை வரலாறு சொல்கிறது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். சகோதரிகள் ஊராருக்குத் துணி துவைத்தார்கள், தையல் வேலை எடுத்தார்கள், அந்தக் காசில் பள்ளியை நடத்தினார்கள். 1847ல் அன்வாண்டர் என்ற இளம் குரு பேராயர் முன் மண்டியிட்டுக் கேட்டுப் பொறுப்பை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இந்த இடைவெளியில்தான் தெரேசா வெளியேறினார். நிறத்தில் அவர் வெளுப்பு, வெள்ளைக்காரி என்றே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். 1845ல் மிச்சிகனுக்குப் போய் மன்ரோ என்ற ஊரில் இன்னொரு போதக சபையைத் தொடங்கினார். அந்தச் சபை வளர்ந்தது, ஏராளமான பள்ளிகளை நடத்தியது. தங்களைத் தொடங்கியவர் கறுப்பினப் பெண் என்பதைப் பல பத்தாண்டுகள் மறைத்து வைத்தது. துரோகம் என்று தெரேசாவைச் சொல்லலாமா? எனக்குச் சொல்ல வரவில்லை. சபை மூடப்பட்டால் எங்கே போவது என்று யோசித்த ஒருத்தி அவர். மறைத்தவர்களைப் பற்றி மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இந்தச் சபை அடிமை ஒழிப்புக்காகக் கொடி பிடித்ததா? இல்லை. அப்படிப் பிடித்திருந்தால் மேரிலாண்டில் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1864ல், போரின் நடுவில். அந்த நாளில் பால்டிமோரில் எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்குத் தெரிந்த, பிரெஞ்சும் தெரிந்த கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள் என்றால் அதில் இந்தப் பள்ளிக்குப் பங்கு உண்டு. அவர்களுக்குக் கறுப்பினப் பெண்ணை ஆசிரியையாக, ‘மதர்’ என்று அழைத்துப் பழக்கம்.

லாங் 1882ல் காலமானார். 1991ல் அவரைப் புனிதராக்கும் விசாரணை தொடங்கியது. 2023ல் போப் பிரான்சிஸ் ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தார். அடுத்த படிக்கு ஓர் அற்புதம் நடந்ததாக நிரூபிக்க வேண்டும், அதற்கு மேல் இன்னொன்று, சட்டம் அப்படி. 1828ல் வாடகை வீட்டில் தொடங்கிய அந்தப் பள்ளி, செயின்ட் பிரான்சஸ் அகாடமி என்ற பெயரில் பால்டிமோரிலேயே நடக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. நிபந்தனைக் கடிதத்தைப் பற்றிப் பின்வரிசைத் தோழர் ஏதோ கேட்கக் கை தூக்கினார், அவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.