பார்த்த பிறகே ஊசி



இன்ஜினீயர் ஆட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிரிக்காதீர்கள். நான் சின்னமனூர் பக்கம் மார்க்கையன்கோட்டைக்காரன். இந்தக் கல்லூரியில் நான் கட்டிய பீஸில் பாதி, அம்மா ஆடு விற்ற காசு.

சில வருடங்களுக்கு முன், வீட்டிலிருந்த ஆறு வெள்ளாடும் ஒரே வாரத்தில் குட்டி போட்டால் வளர்க்கவும் விற்கவும் வசதி என்று கணக்குப் போட்டேன். வெள்ளாட்டுக்கு 21 நாளுக்கொருமுறை பருவம் வரும். புரோஸ்டாகிளாண்டின் ஊசியைச் சுமார் 11 நாள் இடைவெளியில் இரண்டு தடவை போட்டால், எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பருவத்துக்கு வரும்.

ஊசி போட வந்தவர், "எதுவும் சினை இல்லையே?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். அம்மா மட்டும், "கறுப்பி சினையா இருக்கும்போல தெரியுதுப்பா" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

நாலாம் நாள் கறுப்பி குட்டிகளை வீசிவிட்டது. இரண்டு குட்டி. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

காரணம் பிறகுதான் படித்தேன். சூலகத்திலுள்ள கார்ப்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் சினையைத் தாங்குகிறது. செம்மறிக்கு இரண்டு மாதத்துக்குள் அந்த வேலையை நஞ்சு ஏற்றுக்கொள்ளும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலமான சுமார் 150 நாளும் கார்ப்பஸ் லூட்டியமே கதி. அதைத்தான் அந்த ஊசி கரைக்கிறது.

இதில் வெட்கம் என்னவென்றால், வெல்டிங்கை அல்ட்ராசோனிக் கருவியால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதே இல்லை. கிளாஸ்கோவில் டாக்டர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை 1955இல் மருத்துவத்துக்குச் சோதித்துப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இன்ஜினீயர் துணை நிற்க, 1958இல் ஸ்கேன் படங்களை வெளியிட்டார். நம் தொழிலிலிருந்து போன கருவி! ஆட்டு வயிற்றின் மேல் வைத்தாலே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சினையைக் காட்டிவிடும். கருப்பையில் குட்டியில்லாமல் வெறும் நீர் கோத்த பொய்ச்சினையையும் காட்டும். அதற்கு அதே ஊசிதான் மருந்து. ஒரே ஊசி, ஒன்றுக்கு வைத்தியம், இன்னொன்றுக்கு எமன். வித்தியாசம் சொல்வது படம்தான்.

தேனியிலேயே 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடினால், தொழுவத்துக்கே எடுத்துப் போகக்கூடிய, விலை மலிவான ஸ்கேன் கருவி ஒன்றை முயன்று பாருங்கள். அதுவரை, ஆட்டோடு பழகினவர் "சினை மாதிரி தெரியுது" என்றால் ஊசியைக் கீழே வையுங்கள்.