படகைக் காக்கும் துண்டு

உல்லாச மோட்டார் படகை வருஷத்துக்கு ஒரு தடவை கரையேற்றிப் பராமரிப்பார்கள். அப்போது அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். விசிறிக்குப் பக்கத்தில், சோப்புக் கட்டி மாதிரி ஒரு துத்தநாகத் துண்டு திருகியிருக்கும்.

உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். அந்த உலோகத்தோடு துத்தநாகம் தொடர்பில் இருந்தால் அரிப்பு முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். விசிறி தப்பிக்கும். கப்பல்களுக்கு இந்த வழியை 1824-லேயே சொன்னவர் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி.

துண்டு கரைந்திருக்கிறதா? நல்லது, வேலை செய்திருக்கிறது. பாதி போய்விட்டதா? மாற்றிவிடுங்கள். கரையவே இல்லையா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும். யாராவது அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கலாம்; திருகு துருவேறித் தொடர்பு விட்டிருக்கலாம். பெயின்ட் அடித்த துண்டு விசிறியைக் காப்பாற்றாது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நல்ல தண்ணீர் ஏரியில் ஓடும் படகா? கடையில் மக்னீசியத் துண்டு கேளுங்கள்.