படகிலே அறிவித்த விடுதலை

அடிமை முறை தவறு என்று சொன்னவர்கள் அன்றைய அமெரிக்காவில் பலர் இருந்தார்கள். சொன்னபடி செய்தவர்கள் சிலர்தாம். அவர்களுள் ஒருவர் இல்லினாய் மாநிலத்தின் இரண்டாவது ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.

1786இல் வர்ஜீனியாவில் தோட்ட முதலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் கோல்ஸ். தந்தை இறந்தபோது நிலத்தோடு அடிமைகளும் பங்காக வந்தார்கள். மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது என்ன நியாயம் என்று கல்லூரிக் காலத்திலேயே கேட்டவர் அவர். அதிபர் மேடிசனின் செயலாளராக இருந்தபோது, 1814இல், முன்னாள் அதிபர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். அடிமைகளை விடுவிக்கத் தாங்களே தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்டார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை அல்லவா அது! 71 வயது ஜெஃபர்சனோ, அது இளைஞர்களின் வேலை என்று பதில் போட்டுவிட்டார்.

1819இல் கோல்ஸ் புறப்பட்டார், அடிமை முறைக்குத் தடை இருந்த இல்லினாய்க்கு. ஒஹாயோ ஆற்றில் படகு போய்க்கொண்டிருந்தது. தம் அடிமைகளைக் கூட்டி, "இனி நீங்கள் சுதந்திரமானவர்கள், விருப்பம்போல் போகலாம், என்னோடும் வரலாம்" என்ற பொருளில் அறிவித்தார். அவர்கள் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லினாயில் குடும்பத் தலைவர்களுக்குத் தலா 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார். வெறுங்கையோடு அனுப்புவது எப்படி விடுதலையாகும்?

1822இல் நான்குமுனைப் போட்டி. எதிர்த் தரப்பின் ஓட்டுகள் பிரிந்ததால், மூன்றில் ஒரு பங்கு ஓட்டிலேயே அவர் ஆளுநரானார். சட்டமன்றம் எதிரிகள் கையில் இருந்தது. இல்லினாயை அடிமை மாநிலமாக்க, அரசியல் சட்டத்தைத் திருத்தும் மாநாடு ஒன்றைக் கூட்ட அவர்கள் முனைந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒரே ஓட்டுக் குறைந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? எதிர்த்து ஓட்டளித்த உறுப்பினரை நீக்கிவிட்டு, அந்த இடத்துக்கு உரிமை கோரிய வேறொருவரை உட்கார வைத்துத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்!

இனி மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஏறக்குறைய 18 மாதம் பிரசாரம் நடந்தது. தம் பதவிக்காலச் சம்பளம் முழுவதையும் கோல்ஸ் அதில் போட்டார். 1824 ஆகஸ்டில் மாநாட்டுக்கு ஆதரவாக 4,972 ஓட்டுகளும் எதிராக 6,640 ஓட்டுகளும் விழுந்தன. இல்லினாய் தப்பியது.

வென்றவருக்கு என்ன கிடைத்தது? தாம் விடுவித்தவர்களுக்காகப் பிணைப்பத்திரம் கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டு, 2,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம்தான் அவரைக் காப்பாற்றியது. 1831இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பிறகு பிலடெல்பியாவில் குடியேறினார்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய மகன் ராபர்ட்ஸ், அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையில் சேர்ந்தார். 1862இல் ரோனோக் தீவுச் சண்டையில் மாண்டார். 1865இல் நாடு முழுவதும் அடிமை முறை ஒழிந்தபோது கோல்ஸ் உயிரோடு இருந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1868இல், கண் மூடினார்.