கொல்லைக்கு உயிர்வேலி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டுக்கொரு காய்கறித் தோட்டம் வேண்டும் என்று எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறோம். விதையும் நாற்றும் வாங்கி நடுகிறோம். ஆயினும் பல கொல்லைகளில் கத்தரியும் கீரையும் தலையெடுத்த சில நாட்களிலேயே ஆட்டின் வயிற்றுக்குப் போய்விடுகின்றன. குறை விதையிலன்று, வேலியிலேதான்.

எதைத் தடுக்க வேலி என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கு உயரமும் உறுதியும் தேவை. ஆட்டுக்கு நெருக்கமும், அது வாய்வைக்காத தழையும் தேவை. கோழிக்கு அடிப்பாகம் அடைபட்டிருத்தல் வேண்டும்.

வெட்டிய முள்ளால் அடைக்கும் வேலி அன்றைக்கு மலிவு. ஆனால் கறையான் அரித்து விரைவில் மட்கிவிடும். கோடையில் ஒரு தீப்பொறி பட்டால் கூரைக்கும் ஆபத்து. கல்தூண் நட்டுக் கட்டும் கம்பி வேலி பல்லாண்டு நிற்கும். எனினும் அச்செலவு எல்லோருக்கும் இயலுவதன்று. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதோ கொடிய குற்றம். பன்றிக்கு வைத்தது பிள்ளையின் உயிரைக் கொண்டுவிடும்.

சிறு கொல்லைக்கு உயிர்வேலியே சிறந்தது. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்பதைக் காணலாம். கிளுவையின் முள் கால்நடையைத் தடுக்கிறது, தழை தீவனமாகிறது. அதனிடையே ஆடாதொடையையும் நொச்சியையும் நட்டால் அடிப்பாகம் அடைபடும். இவ்விரண்டையும் ஆடு விரும்பித் தின்னாது. இரண்டும் வீட்டு வைத்தியத்திற்கு உதவுவன.

நடும் முறை எளிது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர்களில் புரட்டாசியில் நடுவது நன்று. ஒன்றரை அடி ஆழத்திற்கு வாய்க்கால்போல் பள்ளம் எடுத்து, மக்கிய தொழு உரம் இடுங்கள். முற்றிய கிளுவைப் போத்துகளை நான்கைந்து அடி நீளத்திற்கு வெட்டி, ஓரடி ஆழம் புதையுமாறு, முக்கால் அடி இடைவெளியில் ஊன்றி, மண்ணை இறுக மிதியுங்கள். மூங்கிற் பிளாச்சைக் குறுக்கே வைத்துப் பனைநாரால் பிணையுங்கள். முதலாண்டில் வெளிப்புறம் முள் சாத்திக் காப்பது அவசியம். போத்து பட்டுப்போன இடத்தில் அடுத்த மழைக்கே மறுபோத்து ஊன்றுங்கள். ஆண்டுதோறும் மார்பளவில் கவாத்து செய்தால் வேலி பக்கங்களில் அடர்ந்து வளரும்.

பரவும் செடியை வேலிக்குக் கொணராதீர்கள். முற்காலத்தில் வேலிக்கென வளர்த்த சப்பாத்திக் கள்ளி நிலமெங்கும் பரவி, 1926-இல் ஒருவகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பின்னரே அடங்கிற்று. சீமைக்கருவேலம் போன்ற அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் நம் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட நேர்ந்தது.

இனி, செடியைவிட முக்கியமான ஒன்றைக் கூறுகிறேன். அது எல்லை. போத்து ஊன்றும் முன்னர் அளவுக் கல்லைத் தேடிப் பாருங்கள். கல் இல்லையெனில் நில அளவருக்கு விண்ணப்பித்து அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது பக்கத்து வீட்டாரும் உடனிருக்கட்டும். எல்லைக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளி நட்டால், கிளை பரவினாலும் சச்சரவு எழாது. இருவரும் இசைந்து எல்லைக்கோட்டிலேயே நடுவதாயின், செலவையும் கவாத்தையும் பாதிப்பாதியாக ஏற்பதென்று எழுதிக்கொள்வது நலம். பல்லாண்டு பகையைவிட ஒருநாள் அளவை எவ்வளவோ மேல்.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது பழமொழி. நம் ஊர்களிலோ வேலி தெருவையும் மேய்கிறது! பழுதுபார்க்கும்போதெல்லாம் ஒரு சாண் வெளியே நகர்கிறது. வண்டி சென்ற சந்தில் பின்னர் ஆள் மட்டுமே செல்ல முடிகிறது. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை அழைத்துச்செல்ல வரும் ஆம்புலன்சு தெருமுனையிலேயே நின்றுவிடுமானால், அந்த ஒரு சாண் நிலத்தால் யாருக்கு என்ன பயன்? ஊராட்சிப் பாதைகளைக் காப்பது உறுப்பினர்களாகிய உங்கள் கடமை. பிறரைக் கேட்குமுன் உங்கள் வேலியை நீங்கள் உள்ளே தள்ளி நடுங்கள். ஊர் தானே பின்பற்றும்.

இவ்வாண்டு மழைக்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் ஒரு கொல்லைக்கேனும் அளந்த எல்லையில் உயிர்வேலி அமைத்துக் காட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.