குழி நிறைந்தால் யார் பொறுப்பு?

(நோர்வூட்டில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மலக்குழியைப் பற்றி மேடையேறிப் பேசப் போகிறீரா என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். சம்பளம், காணி, வீடு, பிரசாவுரிமை என்று பேசிப் பழகிய மேடை இது. அந்தப் பேச்சுகளுக்கு நடுவே குழியும் கழிவுநீரும் தாழ்ந்த சங்கதியாகத் தோன்றலாம். நான் அவருக்குச் சொன்ன விடை இதுதான்: போராடிப் பெற்ற சம்பள உயர்வு, பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கு மருந்து வாங்கப் போகுமானால், நாம் எதை வென்றவர்கள் ஆவோம்?

மலையகத்தில் இது புதிய வழக்கன்று. 1916ஆம் ஆண்டிலேயே கொக்கிப்புழு நோயை ஒழிப்பதற்காக அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வெறுங்காலுடன் மலசலம் கலந்த மண்ணை மிதித்தவர் உடலிற் புழு ஏறியது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சியது. கொழுந்து கொய்யும் பெண் வெளுத்துச் சோர்ந்தாள். வந்த மருத்துவர்கள் மருந்து கொடுத்ததோடு நில்லாமல், கக்கூசு கட்டுங்கள், கட்டாவிட்டால் கொடுத்த மருந்து வீண் என்றும் சொன்னார்கள். அவ்வளவு செலவு எதற்கு என்று தயங்கிய துரைமார் பலர். நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் “செலவு யாருடையது?” என்ற அந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதைக் கேட்கவே இன்று வந்தேன்.

தோட்டத்துக்கும் உள்ளூராட்சிக்கும் இருந்த உறவைச் சற்று நினைத்துப் பாருங்கள். பழைய கிராமச் சபைகளின் எல்லைக்குள் லயங்கள் இடம்பெறவில்லை. தோட்டம் துரையின் ஆட்சி. அங்கே சபைக்கு வேலையில்லை என்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது நிலைமை சற்றே மாறியது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம் என்றாயிற்று. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செல்லும் வழியில் வேலி போட்டது. வாக்கு உண்டு, வாய்க்கால் இல்லை! நம்மவர் உழைத்த நிலத்தின் பேரில் ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் இருந்தது; அந்தப் பணத்தை நம்மவர் லயத்துக்குச் செலவிடத்தான் தடை இருந்தது.

2018ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அம்பகமுவைப் பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அந்த ஆண்டு பெப்ரவரித் தேர்தலோடு நோர்வூட் பிரதேச சபை பிறந்தது. அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. ஆகவே சட்டம் கையைக் கட்டியிருக்கிறது என்ற பழைய சாக்கு இன்று செல்லாது. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றி ஏறத்தாழ எல்லாச் சபைகளும் கிடந்தன என்பதை மறக்கவில்லை. அந்தக் காலமும் கழிந்து விட்டது.

இனி வீட்டுக்கு வருவோம். 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இதே நோர்வூட்டில் நின்று, மலையகத்துக்கு மேலும் பத்தாயிரம் வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தபோது உங்களிற் பலர் நேரில் இருந்து கேட்டிருப்பீர்கள். காம்பராவிலிருந்து தனி வீட்டுக்குப் போவது பெருமைதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் ஏழு பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. மீதியில் சிறு தோட்டம், பாதை, மலக்குழி. அதுவும் சமவெளியிலா? மலைச்சரிவில், படிக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக. மேல்வீட்டுக் குழிக்கு நேர் கீழே கீழ்வீட்டு அடுப்படி. அதற்குங் கீழே பீலி. குழிக்கும் குடிநீருக்கும் ஐம்பதடி இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிவிலே, மேலிருந்து கீழ்நோக்கி நீர் ஊறும் இடத்திலே, அந்த ஐம்பதடிக்கு என்ன பொருள்?

மலக்குழி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். முதல் தொட்டியில் கனமான கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் மட்டும் அடுத்த குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை அந்தக் கசட்டை அள்ளாவிட்டால் அதுவும் நீரோடு சேர்ந்து அடுத்த குழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். பிறகு கழிவு மேலே பொங்கிக் கானில் ஓடும். ஆக, கக்கூசு கட்டித் திறந்து வைத்து மாலை போட்டதோடு வேலை முடிவதில்லை. நாலாம் ஆண்டில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எவரும் நாலாம் ஆண்டில் வருவதில்லை!

நாலாம் ஆண்டில் என்ன நடக்கிறது? கலி பவுசர் என்று நாம் சொல்லும் உறிஞ்சும் வண்டியை அழைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில். வண்டி ஏறத்தக்க பாதையும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் இரவோடு இரவாக வாளியும் கயிறுமாக ஒரு மனிதன் குழிக்குள் இறங்குகிறான். யார் அந்த மனிதன்? நகரசுத்தித் தொழிலாளர் என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் நம் உடன்பிறந்தார்தாம். இந்தியாவில் மனிதக் கையால் மலம் அள்ளச் செய்வதைத் தடுத்து 2013இல் கடுமையான சட்டம் செய்தார்கள். செய்த பின்னும் குழிக்குள் நச்சுக்காற்றால் மாண்டவர்கள் உண்டு. இயந்திரம் வராத இடத்தில் சட்டம் மட்டும் தனியே வந்து என்ன செய்யும்?

இங்கே ஓடும் கெசல்கமு ஓயாவை எண்ணிப் பாருங்கள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்து, நோர்வூட்டைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கிருந்து மின்சாரமாகி, மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகி, அம்பத்தளையிலே கொழும்பு மாநகரின் குடிநீராகிறது. நமது கானில் விடுவது தலைநகரத்தின் குவளை வரை பயணம் போகிறது. ஆனால் இதைச் சொல்லிக் கொழும்பாரைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. ஆறு ஓடும் வழியில் ஓரளவு தன்னைத் தானே திருத்திக் கொள்கிறது. அம்பத்தளையில் வடிகட்டிக் குளோரின் இடுகிறார்கள். கொழும்பார் பிழைத்துக்கொள்வார்கள். குளோரினும் வடிகட்டியும் இன்றிப் பீலியிலே குடம் பிடிக்கும் நாம்தான் முதலில் குடிப்பவர்கள்.

நகரம் போல் பெருங் குழாய்கள் பதிக்கலாமே என்பார் சிலர். இலங்கை முழுவதிலும் அத்தகைய குழாயோடு இணைந்தவர்கள் நூற்றுக்கு இருவர் அளவில்தான். கொழும்பிலேயே அப்படித் திரட்டிய கழிவைச் சுத்திகரிக்காமல் நெடுங்காலம் கடலில் விட்டுவந்தார்கள். சிதறிக் கிடக்கும் மலைத் தோட்டங்களுக்கு அது ஆகாத கனவு. நமக்கு ஏற்றது குழி, வண்டி, சுத்திகரிப்பு நிலையம் என்ற மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். வண்டியை மட்டும் வாங்கிவிட்டு, உறிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இரவில் ஓடையோரம் தேடுவதைவிட, வண்டி வாங்காமல் இருப்பதே மேல். ஆற்றில் விடும் கழிவுநீரில் உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை இலீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சுற்றாடல் விதி. குழிச் சேற்றிலோ அது ஆயிரக்கணக்கில் நிற்கும்!

சிறிய ஊர்களுக்கு இது முடியாத காரியமன்று. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளி என்ற சிற்றூரில் 2015இல் ஒரு நிலையம் அமைத்தார்கள். நாளொன்றுக்கு ஆறு கனமீற்றர் சேறு. சரிவின் போக்கில் தானே இறங்கி, புளித்து, மணற்படுக்கையில் காய்ந்து, குப்பையோடு சேர்ந்து எருவாகிறது. தமிழ்நாட்டில் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் மாநிலத்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டு, பக்கத்து மதுராந்தகத்தின் சேற்றையும் ஏற்கிறது. ஆனால் காய்ந்த நாட்டு முறையை அப்படியே பெயர்த்து வந்து நம் மழையில் வைத்தால் மணற்படுக்கை ஒருபோதும் காயாது. கூரை வேண்டும், இடமும் கூடுதலாக வேண்டும். பொறியியலாளர்கள் இதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவை என்று பிரிந்த மூன்று சபைகளும் இதற்காகவேனும் ஒன்று சேர்ந்து பொது நிலையம் ஒன்றைக் கட்டினால் செலவும் பகிரப்படும்.

விவசாய நண்பர்களே, எரு என்றதும் உங்கள் காது நிமிர்ந்ததைக் கண்டேன். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்தபோது மரக்கறிப் பாத்தியிலும் தேயிலை மலையிலும் பட்டதை யாரும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் பச்சைச் சேற்றை நேரே பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். நன்றாகச் சூடேறி மக்கிய பிறகே அது எரு. அதற்கு முன் அது நோய்.

இப்போது காசுக்கு வருகிறேன். இங்கேதான் என் நண்பர்களிற் சிலர் என்மீது கோபிப்பார்கள். தோட்ட மக்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை குழி அள்ளப் பன்னீராயிரம் ரூபா செலவாகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2024இல் சம்பளச் சபை விதித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஒன்பது நாள் உழைப்பு. அத்தனையையும் ஒரே நாளில் கேட்டால் யார் வண்டியை அழைப்பார்கள்? அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போடுவார்கள். கழிவு கீழ்வீட்டுக்குப் போகும். அதே தொகையை நான்கு ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 250 ரூபா. மகாராட்டிரத்தில் வாய் என்னும் நகராட்சி 2018 முதல் இந்த வழியில்தான் போகிறது: வீட்டு வரியோடு சிறு சுகாதார வரி, முறை வந்ததும் வண்டி தானே வாசலுக்கு வரும், அப்போது தனிக் கட்டணம் இல்லை.

மக்களைக் கேளாமல் கட்டணம் விதித்தால் என்னவாகும் என்பதற்கு மலேசியா சாட்சி. நம் இனத்தவர் தோட்டங்களில் வாழும் நாடு அது. 1994இல் உள்ளூர்ச் சபைகளிடமிருந்து கழிவுநீர்ப் பணியை எடுத்துத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். திடீரென வீட்டுக்கு வந்த பற்றுச்சீட்டைக் கண்டு மக்கள் வெகுண்டு, கட்ட மறுத்தார்கள். 2000இல் அரசே அதை வாங்க வேண்டியதாயிற்று. பின்பு 2008இல், விரும்பியவர் அழைத்தால் மட்டும் குழி அள்ளினாற் போதும் என்று தளர்த்தினார்கள். அழைப்போர் தொகை சரிந்தது. கட்டணத்தைத் திணித்ததும் பிழை; முறையைக் கைவிட்டதும் பிழை.

ஆகவே வரி கேட்கும் முன் சபை இரண்டு காரியம் செய்யவேண்டும். குடியிருப்பவன் பங்கு ஒன்று, நிலத்தைக் குத்தகைக்கு வைத்து இலாபம் காணும் கம்பனியின் பங்கு ஒன்று என்று பகிர வேண்டும். லயத்தைக் கட்டியது தோட்டம். லயத்துக் குழியும் தோட்டத்தின் கடமைதான். 1992இல் கம்பனிகளின் கைக்குத் தோட்டம் மாறியபோது அந்தக் கடமை காற்றில் கரைந்து போகவில்லை. அடுத்து, வரி கட்டுகிற குடும்பத்தின் பெயர் சபையின் வரி ஏட்டிலே ஏற வேண்டும். காணி உறுதி இல்லாதவனின் பெயரை எப்படி ஏற்றுவது என்று எழுதுவினைஞர் கேட்பார். உறுதி வரும்வரை குடியிருப்பவன் என்ற பெயரிலேனும் ஏற்றுங்கள் என்பது என் விடை. துரையிடம் விண்ணப்பம் செய்து நின்றவன், சபையில் கணக்குக் கேட்கும் வரியிறுப்பாளனாக மாறுவதற்கு 250 ரூபா பெரிய விலையன்று.

சபை உறுப்பினர்களே, வருகிற ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போது, ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை குழி, எத்தனை லயத்துக்கு வண்டிப் பாதை, எந்தக் குழி எந்தப் பீலிக்கு மேலே இருக்கிறது என்ற கணக்கெடுப்புக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். நிலையத்துக்கான இடத்தை அதன் பிறகு தேடலாம். வண்டியைக் கடைசியில் வாங்கலாம். கணக்கெடுக்க ஆள் வேண்டுமானால் படித்த தோட்டத்து இளைஞர்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.