மெயிலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?



டிப்ளமோ முடித்து, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், உதிரிபாகம் அனுப்பும் கம்பெனியின் மூத்த பொறியாளருக்கு மெயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சென்ட் தி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் டுடே.’ இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனாலும் படிப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். எழுதியவர் மனத்தில் ஓடியதோ, ‘இன்னைக்கு அனுப்பிடுங்க சார்’ என்பதுதான். தமிழில் அந்த ‘ங்க’ மரியாதையைச் சுமந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடமில்லை. ‘குட் யூ சென்ட்...?’ என்பதுபோலக் கேள்வியாகத் திருப்பிக் கேட்டால் பணிவு வரும்.

மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-இலேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார். இலக்கணம் தப்பினால் மொழி போதவில்லை என்று விட்டுவிடுவார்கள். மரியாதை தப்பினால் ஆளின் குணத்தையே சந்தேகிப்பார்கள். நம் தேர்வுகளோ முதல் வகைப் பிழையைத்தான் சிவப்பு மையில் சுழிக்கின்றன. மனப்பாடமான லீவு லெட்டருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. யாருக்கும் பொருந்தும் அந்த நடை, தொழிற்சாலையில் யாருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

பின் எப்படி அளப்பது? பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற ஆய்வில் ஆங்கிலத்தோடு, மெக்சிகோவின் ட்செல்டால் மொழியும், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழும் ஆதாரமாக இருந்தன. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையே யார் கை ஓங்கியிருக்கிறது, எவ்வளவு பழக்கம், கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்ற மூன்றையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். தேர்விலும் அதையே செய்யலாம். ஒரே வேண்டுகோளை, உடன் படித்தவருக்கு, லைன் சூப்பர்வைசருக்கு, முன்பின் தெரியாத சப்ளையருக்கு என மூன்று மெயில்களாக எழுதச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே அச்சில் இருந்தால், இலக்கணம் சுத்தமாக இருந்தாலும், அந்த மாணவர் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

திருத்துபவர் லண்டன் நடையை அளவுகோலாக எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் கொரியர்கள், ஒரகடத்து டைம்லரில் ஜெர்மானியர்கள். படிப்பவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். ‘கைண்ட்லி’ இரண்டு முறை வந்தால் குடி முழுகிவிடாது. என்ன வேண்டும், எப்போதைக்கு என்பது விளங்குகிறதா, படிப்பவர் மனம் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதைச் சொல்ல ஆங்கில ஆசிரியரின் பக்கத்தில், தினமும் அந்த மெயில்களைப் படித்துப் பதில் போடும் பர்ச்சேஸ் பிரிவுக்காரர் ஒருவரையும் உட்காரவைத்துத் திருத்தச் சொல்லலாம்.