கெல்லி கோட்டையும் நம்மவர்களும்



பத்து காஜா பக்கம் இருக்கும் கெல்லி கோட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "சார், அங்கே பேய் இருக்காமே?" என்றுதான் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். பேயை விடுங்கள். அதைக் கட்டினது யார் என்று ஒருவரும் கேட்பதில்லையே!

வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து துரை 1915-இல் அந்த மாளிகையைத் தொடங்கினார். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள். 1918-இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. பலர் போய்ச் சேர்ந்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று மிச்சமிருந்தவர்கள் கேட்க, துரையும் சம்மதித்தார் என்பார்கள். அந்தக் கோயில் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. கூரையை அண்ணாந்து பாருங்கள், சாமி சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை! நம்மவர்கள் மனசு அப்படி.

1926-இல் துரை லிஸ்பனில் காலமானார். மாளிகை அரைகுறையாக நின்றது. அவர் பேர் ஊருக்கே தெரியும். செங்கல் சுமந்த ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் பால்மரம் வெட்டின தாத்தா பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களைப் பெற்றவர்கள் எந்த ஊர், யாரோடு வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதி வாருங்கள். பெற்றோர்களே, "பழங்கதை எதுக்கு?" என்று தடுக்காதீர்கள். பேரைத் தகப்பன் பேரோடு எழுதச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி, ஐந்து மாரியாயி இருந்திருப்பார்கள்.